பட்டாளத்துக்காரர்கள் ஊரில் சொல்லாத பேச்சு

கேள்வி (திருப்பாலைக்குடி வாசகர், 2024 நவம்பர் 2)

என் தம்பிக்குப் பதினெட்டு வயது. நாலு வருட ராணுவ வேலையான அக்னிவீர் ஆள்சேர்ப்புக்கு ஓடிப் பழகுகிறான். அம்மா அழுகிறார், அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் பக்கம் மிலிட்டரியில் இருந்து வந்தவர்களைக் கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: நாட்டுக்குச் சேவை, நல்ல ஒழுக்கம், கௌரவம். அதைத் தாண்டி நீங்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாதது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் அண்ணே.

நவம்பர் 3, இரவு

நிறையவே இருக்கிறது தம்பி. நான் 1996இல் பெங்களூரு மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில் சேர்ந்து 2013இல் ஹவில்தாராக வெளியே வந்தவன். ஊர் உச்சிப்புளிப் பக்கம்.

முதல் கருத்து, ஊரில் யாருக்கும் பிடிக்காது. பட்டாளம் ஒரு வேலை. மாதச் சம்பளத்துக்குப் போன வேலை. என்னோடு நம் மாவட்டத்திலிருந்து சேர்ந்த பையன்களில் எவனைக் கேட்டாலும் ஒரே கதைதான்: கண்மாய் காய்ந்து கிடந்தது, கருவேல மூட்டம் போட்டுக் கரி விற்ற காசில் அடுப்பு எரிந்தது, இல்லையென்றால் அப்பாவுக்குக் கடலில் பாடு இல்லை. கொடியைப் பார்த்துப் போனவன் எவனும் இல்லை. போன பிறகு கொடியின் மேல் பிடிப்பு வந்தது. அது இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.

ஊருக்கு லீவில் வந்தால் மைக் பிடித்துத் தியாகி என்கிறார்கள். ஒருவனைத் தியாகி ஆக்கிவிட்டால் அப்புறம் அவன் வாயைத் திறக்க முடியாது. லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்டச் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. முழங்கால் போய்விட்டது, மருத்துவக் குழு அதைப் பணியால் வந்த கோளாறு என்று எழுத மறுக்கிறது என்று சொல்ல முடியாது. வேலை என்று வைத்துப் பேசினால் இத்தனையும் கேட்கலாம்.

நவம்பர் 4, காலை

ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். சாப், உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சம்பளம் வாங்கியதைச் சொன்னால் நம் மதிப்பு குறைந்துவிடும் என்கிறீர்கள். ஆசிரியரும் நர்ஸும் சம்பளம்தான் வாங்குகிறார்கள். அவர்கள் மதிப்பு எங்கே குறைந்தது?

நவம்பர் 5, இரவு

பட்டாளத்தில் போட்டால் பையன் திருந்திவிடுவான் என்று தேவிபட்டினத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் நான் கேட்டுக்கொண்டே இருக்கிற பேச்சு இது. தயவுசெய்து அந்த நினைப்பில் யாரையும் அனுப்பாதீர்கள். திருந்தாத ஒருவன் உள்ளே வந்தால் அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் சாவான்.

2001 டிசம்பர் 13 பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு ஆபரேஷன் பராக்ரம் தொடங்கியது. எல்லை நெடுகப் படையை நகர்த்தினார்கள். எங்களைப் போன்ற சாப்பர்களுக்கு, அதாவது ராணுவப் பொறியாளர் படையினருக்கு, மைன் என்கிற கண்ணிவெடி புதைக்கிற வேலை. ராஜஸ்தான் மணல், ஜனவரிக் குளிர், விரல் நுனி மரத்துப்போகும். கையுறை போட்டால் வேலை ஓடாது. வெள்ளை நாடா கட்டி வரிசை பிரித்து, குழி தோண்டி, மைனை உட்கார வைத்து, கடைசியாகப் பாதுகாப்புப் பின்னை உருவ வேண்டும். உருவியது பைக்குள் போக வேண்டும். பொழுது சாயும்போது சுபேதார் சாப் ஒரு தார்ப்பாயை விரித்து அத்தனை பின்னையும் கொட்டச் சொல்வார். பத்துப் பத்தாகப் பிரித்து, டார்ச் வெளிச்சத்தில், அவரே விரலால் தள்ளித் தள்ளி எண்ணுவார்.

ஒரு நாள் ஒன்று குறைந்தது. அந்தப் பின் எங்கேயாவது விழுந்திருக்கலாம். மைன் பின்னோடேயே புதைந்திருக்கலாம். வரைபடத்தில் குறித்த இடத்தில் மைனே இல்லாமல் இருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாமல் ரெக்கார்டில் கையெழுத்துப் போட முடியாது. பின்னாளில் அதை எடுக்க வருகிறவன் அந்தத் தாளை நம்பித்தான் காலை வைப்பான். லங்கர் என்கிற சமையல் கூடத்தில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, யாரும் எழுந்து போகவில்லை. ஒவ்வொருவனையும் கோட்டைக் கழற்றச் சொல்லி உதறிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பையனின் பைத் தையல் பிரிந்து, கோட்டின் உள்துணிக்குள் அந்தப் பின் இறங்கியிருந்தது. அவன் அழுதுவிட்டான். சுபேதார் சாப் அவனைத் திட்டவில்லை, ஊசி நூல் கொடுத்து அங்கேயே உட்கார்ந்து தைக்கச் சொன்னார்.

ஊரில் ஒழுக்கம் என்று எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? ஒட்ட வெட்டிய முடி, விடிகாலை ஓட்டம், மடிப்புக் கலையாத சட்டை. எங்களை உயிரோடு வைத்திருந்தது எண்ணிக்கையை விடாத குணம். அதைப் பயிற்சி மையம் கொஞ்சம் தீட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். விதை வீட்டிலிருந்து போக வேண்டும்.

நவம்பர் 7

பராக்ரம் என்றால் என்ன என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பார்த்தீர்களா, இதுதான் என் அடுத்த மனக்குறை. கார்கில் எல்லாருக்கும் தெரியும். 1999இல் இறந்த 527 பேருக்கும் டிராஸில் பெயர் பொறித்த சுவர் இருக்கிறது, ஜூலை 26 வந்தால் பூ வைக்கிறார்கள். வைக்கத்தான் வேண்டும். பராக்ரமில் 2002 அக்டோபர் வரை நின்றோம். போரே நடக்கவில்லை. ஆனாலும் மைன் வெடித்தும் வண்டி கவிழ்ந்தும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். புதைத்ததைத் திரும்ப எடுக்கும்போதும் கை கால் போனது. ராஜஸ்தானில் காற்று அடித்தால் மணல் மேடு நகர்ந்துவிடும், ரெக்கார்டில் இருக்கிற இடம் ஒன்று, மைன் கிடக்கிற இடம் ஒன்று. பஞ்சாபில் தங்கள் சொந்த வயலில் உழவர்கள் மிதித்தார்கள்.

குண்டடிபட்டுச் செத்தால் ஊர்வலம், லாரி கவிழ்ந்து செத்தால் துக்கம் விசாரிக்க நாலு பேர். இரண்டு வீட்டிலும் அம்மா ஒன்றுதான்.

நவம்பர் 9

சின்னதாக ஒன்று. கேன்டீன் சரக்கு கேட்காதீர்கள். லீவில் வந்த பையன் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் "ரம் கொண்டு வந்தியா மாப்ள" என்று நிற்கிறார்கள். அவன் அம்மா இன்னும் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள். பனியில் வேலை பார்க்கிறவனுக்குக் கொடுக்கிற பாட்டிலை வைத்து ஊரில் அவன் நட்பை அளக்கிறார்கள். எத்தனையோ பேர் அந்தப் பழக்கத்திலேயே வெளியே வந்து, வீட்டில் உட்கார்ந்து, அதிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் இதைப் பேசுவதே இல்லை.

நவம்பர் 10, மதியம்

ஒழுக்கம் பற்றி எழுதியதில் ஒரு பாதிதான் சொன்னேன். மீதி வீட்டுக்குள் நடப்பது.

யூனிட்டில் ஒரு சத்தம் கொடுத்தால் முப்பது பேர் ஃபால்-இன் ஆகி வரிசையில் நிற்பார்கள். அதே குரலில் வீட்டுக்குள் பேசினால் பிள்ளை பேச்சை நிறுத்திவிடும். வெளியே வந்து நாலைந்து வருடம் ஆன பிறகும் மகன் அறைக்குள் அப்பா வந்தால் எழுந்து நிற்கிற வீடுகள் எனக்குத் தெரியும். அதை மரியாதை என்று சொந்தக்காரர்கள் மெச்சுகிறார்கள். அந்தப் பையன் கண்ணைப் பாருங்கள், அதில் இருப்பது பயம்.

இன்னொன்று. என் சர்வீஸில் பாதியை என் மனைவி பார்த்தாள். ரெகுலர் ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் வருடாந்தர லீவு, 30 நாள் கேஷுவல். அதிலும் பார்டரில் இருந்தால் வருகிற பாதையிலேயே நாள் போய்விடும். ஜம்முவிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து ராமேஸ்வரம் வண்டி பிடித்து உச்சிப்புளியில் இறங்கினால் என் பெண் என்னைப் பார்த்து உள்ளே ஓடி ஒளிந்துகொள்வாள். அவள் பழகி மடியில் ஏறும்போது திரும்புகிற தேதி வந்திருக்கும்.

மற்ற நாளெல்லாம் வீட்டில் யார் இருந்தது? குடிதண்ணீர் வண்டி வந்தால் குடத்தோடு ஓடியது, மாமியாருக்கு மருந்து வாங்கியது, ரேஷன், பள்ளிக்கூடம், பங்காளித் தகராறில் நிலத்து எல்லைக் கல்லைப் பிடுங்க வந்தவர்களிடம் தனியாக நின்று பேசியது, எல்லாம் அவள். அவள் அம்மா மண்டபம் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுத்து வளர்த்த பெண். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பிடுங்குகிற கூட்டத்தில் பிறந்தவள், யாருக்கும் பயப்படமாட்டாள். எனக்கு மெடல் குத்தினார்கள். 56 ஏபிஓ என்று ராணுவ அஞ்சல் விலாசம் எழுதிக் கடிதம் போட்டே காலம் கழித்தவளுக்கு என்ன கொடுத்தார்கள்? பாராட்டு விழாவில் சால்வையை எனக்குப் போர்த்தும்போது அவளைப் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் எந்த விழாவுக்குக் கூப்பிட்டாலும் இரண்டு நாற்காலி முன்னால் போடுங்கள் என்று சொல்லித்தான் போகிறேன்.

நவம்பர் 12

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி, அண்ணனை அவர்கள் பக்கம் கூப்பிடுகிற மாதிரி, "காக்கா, எங்க வாப்பா துபாயிலயே கெடந்து ஆளாக்கினாங்க, அவங்களுக்கு யாரும் சால்வை போர்த்தலையே" என்று எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில் கட்டட வேலை பார்த்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, பிள்ளைகள் வளர்ந்ததை போட்டோவில் பார்த்தவருக்கும் எனக்கும் பிரிவில் வித்தியாசம் இல்லை. எனக்கு பென்ஷன் வருகிறது. உங்கள் வாப்பாவுக்கு அது கூடக் கிடையாது. பிரிந்திருந்த கஷ்டத்துக்காக மரியாதை என்றால் அவருக்குத்தான் முதல் சால்வை.

நவம்பர் 16

கேள்வி கேட்ட தம்பிக்கு நேராகப் பதில் சொல்லாமல் எங்கெங்கோ போய்விட்டது பேச்சு. அக்னிவீர் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 2022 ஜூனில் வந்த திட்டம். 2024 நிலவரப்படி வயது பதினேழரையிலிருந்து 21 வரை. முதல் வருடம் மாதம் 30,000 என்பார்கள், கைக்கு வருவது 21,000. மீதி 9,000 சேவா நிதிக்குப் பிடித்துவிடுவார்கள். நாலாவது வருடம் 40,000, கைக்கு 28,000. நாலு வருடம் முடிந்தால் அரசு பங்கும் வட்டியும் சேர்த்து சுமார் 11.71 லட்சம். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. 25 சதவீதம் பேர் வரை உள்ளே எடுத்துக்கொள்வார்கள். லீவு வருடத்துக்கு 30 நாள்.

என் வயதுக்காரர்கள் இந்தப் பையன்களைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. நாலு வருடத்தில் என்ன கற்றுக்கொள்வான், அரை வேக்காடு என்கிறார்கள். பையன் அதே மைதானத்தில்தான் ஓடித் தேறுகிறான்: 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மார்க், பத்து புல்-அப், ஒன்பது அடிப் பள்ளம். நாங்கள் வாங்கிய அதே ரகடாவை, வாட்டி எடுக்கிற தண்டனைப் பயிற்சியைத்தான், வாங்குகிறான். எதிரியின் குண்டு அவன் எத்தனை வருடக் கான்ட்ராக்ட் என்று பார்த்து வருவதில்லை.

என் கோபம் வேறு இடத்தில். ஒரே ட்ரெஞ்சில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் ரெகுலர், ஒருவன் அக்னிவீர். இரண்டு பேரும் இறந்தால், அக்னிவீர் வீட்டுக்கு 48 லட்சம் இன்ஷூரன்ஸ், 44 லட்சம் கருணைத்தொகை, மீதி நாளின் சம்பளம், சேவா நிதி எல்லாம் வரும். பெரிய தொகைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரெகுலர் வீட்டுக்கு வருகிற குடும்ப பென்ஷன் அந்த அம்மாவுக்குக் கிடையாது. மொத்தமாக வந்த பணம் நம் ஊரில் எத்தனை நாள் நிற்கும்? பங்காளி கேட்பான், கடன்காரன் கேட்பான், ஒரு வீடு கட்டினால் பாதி போய்விடும். மாதாமாதம் வருகிற பணத்தை யாரும் பிடுங்க முடியாது. இதைத்தான் நாம் ஒன்றாக நின்று கேட்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பையன்களை மட்டம் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

தம்பியை அனுப்பலாமா என்றால், பன்னிரண்டாவதோடு கையில் ஒரு தொழில் இருந்தால் அனுப்புங்கள். ஐடிஐ முடித்தவனாக இருந்தால் இன்னும் நல்லது. நாலு வருடம் கழித்து வெளியே வரும்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. 2024 நிலவரப்படி துணை ராணுவத்தில் முன்னாள் அக்னிவீர்களுக்குப் பத்து சதவீதம் ஒதுக்கியிருந்தார்கள். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

நவம்பர் 22, இரவு

20ஆம் தேதி ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டது. இங்கேயும் கரண்ட் இல்லை. அதனால்தான் எழுத முடியவில்லை.

இன்று எழுதப்போவது ஊரிலும் பிடிக்காது, எங்கள் ஆட்களுக்கும் பிடிக்காது. இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படை.

என் சித்தப்பா 1987இல் அங்கே போனவர். ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் போன படை. சமாதானத்துக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் கப்பல் ஏற்றினார்கள். அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை தொடங்கியது. யூனிட்டில் தமிழ் தெரிந்த ஆட்கள் கம்மி. வீடு வீடாகச் சோதனைக்குப் போகும்போது சித்தப்பாவைக் கூப்பிடுவார்கள். அதிகாரி ஹிந்தியில் கேட்பார்: உன் மகன் எங்கே? சித்தப்பா அதைத் தமிழில் ஒரு தாயிடம் கேட்க வேண்டும். அந்தம்மா அதிகாரியைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டாள், இவரைப் பார்த்துத்தான் சொல்வாள். "தம்பி, நீங்கள் எந்த ஊர்?" என்று ஒரு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ராமநாதபுரம் என்று சொல்ல வாய் வரவில்லை என்றார். இந்த ஒன்றைத்தான் என்னிடம் சொன்னார், அதுவும் நான் பட்டாளத்தில் சேர்ந்த பிறகு.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். 8 மஹாரின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25இல் இறந்து பரம் வீர் சக்ரா பெற்றார். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னையில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. மாநிலத்தின் மனநிலை அப்படி இருந்தது. சித்தப்பா ஊருக்கு வந்தபோது எங்கே இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஜூனில் அங்கே மறுபடியும் சண்டை மூண்டு, அகதிகள் படகு படகாக ராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம் நிரம்பி வழிந்தது. மண்டபம் கடைத்தெருவில் அந்தப் பேச்சு வழக்கு காதில் விழுந்தால் சித்தப்பா சாமான் வாங்காமலே திரும்பி வந்துவிடுவார். சித்திக்கு ஏன் என்று கடைசிவரை தெரியாது.

உத்தரவுக்குப் போனவனை ஒளிந்து வாழ வைத்தது தப்பு. இது என் கருத்து.

நவம்பர் 24

எதிர்பார்த்த மாதிரியே இரண்டு பக்கத்திலிருந்தும் கோபம். "அங்கே நடந்த அட்டூழியத்தை ஏன் எழுதவில்லை" என்கிறது ஒரு பக்கம். "நம் படையை அசிங்கப்படுத்தாதே" என்கிறது இன்னொரு பக்கம்.

எழுதுகிறேன். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படையினர் புகுந்து சுட்டதில் டாக்டர்களும் நர்ஸுகளும் நோயாளிகளும் செத்தார்கள். சீருடை போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை மறுக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குள் இருந்து முதலில் சுட்டார்கள் என்ற விளக்கத்தை நானும் கேட்டிருக்கிறேன். ஸ்டெதஸ்கோப்போடு இருந்தவர்கள் செத்ததற்கு அது பதில் ஆகாது. மறுத்தால் அந்த நாளில் ஒரு குண்டும் சுடாத என் சித்தப்பாவையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறோம். யார் செய்தது என்று பிரித்துச் சொன்னால்தான் செய்யாதவன் தலை நிமிர முடியும்.

முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் இங்கே எழுதியிருக்கிறார். தன் பாட்டி இந்திய ராணுவம் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்துவார் என்கிறார். அம்மா, உங்கள் பாட்டியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 28

உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. 2009இல் கடற்படை விமானத் தளமாக ஆனது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை. நம் கரையில் சீருடைக்குப் பஞ்சமில்லை. மீனவ வீட்டுப் பிள்ளைகளைக் கடற்படையிலும் காவல்படையிலும் சேர்க்க மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சியும் கொடுக்கிறது. நல்ல விஷயம். இன்னும் நிறையப் பேர் போக வேண்டும்.

2022 அக்டோபரில் பாக் விரிகுடாப் பக்கம் நம் கடற்படைக் கப்பலே சுட்டு தமிழக மீனவர் ஒருவர் காயம்பட்டார். எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்று கடற்படை சொன்னது. இலங்கைக் கடற்படை பிடித்தால் நாம் எல்லாரும் பேசுகிறோம். அன்றைக்கு முன்னாள் ராணுவத்தினர் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சோதனைச் சாவடியில் நின்றவன் என்பதால் எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். இருட்டில், என்ஜின் சத்தத்தில், எச்சரிக்கை காதில் விழாத படகும் உண்டு. காதில் விழுந்தும் நிற்காத படகும் உண்டு. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால்தான் கப்பலில் நம் கரைத் தமிழ் பேசுகிற ஆள் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறேன். ஒலிபெருக்கியில் "ஏலே, படகை நிறுத்து" என்று ஒரு குரல் வந்தால் போதும்.

மூக்கையூரிலிருந்து பாம்பன் வரை கடலுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். நான் அப்படி நின்ற நாட்கள் என் சர்வீஸில் கொஞ்சம். தடைக்காலம் 61 நாள், விசைப்படகு கட்டிக்கிடக்கும், நிவாரணம் 8,000 ரூபாய். அதுவே 2023இல்தான் 5,000த்திலிருந்து ஏற்றினார்கள். கடலுக்குப் போனவர் திரும்பாமல் உடலும் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்றுக்கே அந்தப் பெண் வருடக்கணக்கில் அலைகிறாள். எங்கள் பென்ஷன் போதாது என்று நாங்கள் டெல்லியில் உட்கார்ந்தோம், ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் வாங்கினோம், சரி. பக்கத்து வீட்டுக்காரனுக்காக மண்டபத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்தோமா?

டிசம்பர் 1

வேலை என்று முதல் நாள் எழுதினேன் அல்லவா. அதை யோசித்துக்கொண்டே இருந்தேன். பிடிக்காவிட்டால் மறுநாள் விட்டுவிட்டு வர முடியாத வேலை அது. முழுக்க மற்ற வேலைகளோடு சேர்த்துவிட முடியாது. ஆனாலும் வேலை என்பதை நான் விடமாட்டேன், காரணம் வெளியே வந்த பிறகு தெரியும்.

2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி, நிலச்சரிவு நடந்த வயநாடு சூரல்மலையில் எங்கள் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் 190 அடி பெய்லி பாலத்தை, துண்டு துண்டாகக் கோர்க்கிற இரும்புப் பாலத்தை, போட்டு முடித்தது. 24 டன் தாங்கும். வாட்ஸ்அப்பில் எல்லாரும் கைதட்டினார்கள். பெய்லி பேனல் ஒன்று சுமார் 260 கிலோ, ஆறு பேர் தூக்க வேண்டும். ஒருவன் தோள் இறங்கினால் அடுத்தவன் முதுகு போகும். ஆறு பேரும் ஒரே மூச்சில் எழ வேண்டும். பின்களை அடித்து இணைத்து, உருளை மேல் வைத்துத் தள்ளி, ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் நீட்ட வேண்டும். முனை அக்கரையைத் தொடும்வரை இந்தக் கரையில் எடை சரியாக நிற்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா? எங்கே இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ எத்தனையோ வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது, காவல் வேலையை நான் குறை சொல்லவில்லை. நான் வெளியே வந்ததும் பாலம் கட்டுகிற ஒரு தனியார் நிறுவனத்தில் கேட்டேன். டிப்ளமோ இருக்கிறதா என்றார்கள். இல்லை, பாலம் போட்டிருக்கிறேன் என்றேன். வாட்ச்மேன் இடம் காலி என்றார்கள். முப்பத்தைந்து, முப்பத்தெட்டு வயதில் வெளியே தள்ளுகிறவர்கள், உள்ளே கற்றதை வெளியே செல்லுபடியாகிற சான்றிதழாக ஆக்கித் தரவேண்டும். ஏதோ கொடுக்கிறார்கள், எடுத்துப்போய்க் காட்டினால் கான்ட்ராக்டருக்குப் புரிவதில்லை.

எங்கள் ஆட்களிடமும் ஒன்று கேட்கிறேன். "நான் ஹவில்தார், இந்த வேலைக்குப் போவதா" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறவர்களே, ரேங்க் கேட்டுக்கு உள்ளேதான். வெளியே வந்து வெல்டிங் பட்டறை போட்டவனும் இறால் பண்ணையில் மோட்டார் பார்க்கிறவனும் நன்றாக இருக்கிறார்கள்.

டிசம்பர் 7

இன்று படைவீரர் கொடிநாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உண்டியல் குலுக்கினார்கள், போட்டேன். ஹிந்தி கற்றதைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரே வரி: கற்றேன், பிழைப்புக்கு உதவியது, என் தமிழ் எங்கேயும் போய்விடவில்லை. இதற்கு மேல் அதில் பேச எதுவுமில்லை.

டிசம்பர் 8

பெரியபட்டினத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். கணவர் இறந்து பல மாதம் ஆகிறது, குடும்ப பென்ஷன் நிற்கிறது, பெயர் பொருந்தவில்லை என்கிறார்கள். இந்த இழையில் எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

கல்யாணம் ஆனதும் யூனிட்டில் பார்ட்-டூ ஆர்டர் என்று ஒன்று போடுவார்கள். மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் விவரம் எல்லாம் அதில்தான் ஏறும். அந்தக் காலத்தில் லீவு முடிந்து போன பையன் கிளார்க்கிடம் வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லியிருப்பான். அவர் முத்து என்று எழுதியிருப்பார். ஆதாரில் முத்துலட்சுமி. பிறந்த தேதி பல பேருக்கு ஏறியிருக்கவே ஏறியிருக்காது. கணவர் இருக்கிறவரை யாரும் இதைப் பார்ப்பதில்லை.

அம்மா, முதலில் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆணையையும் தேடி எடுங்கள். இரண்டிலும் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுத வேண்டிவரும். அவர்கள் அவருடைய ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புவார்கள். அனுப்பிய கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தேதியோடு. புரோக்கர் யாராவது ஸ்பார்ஷ் என்கிற பென்ஷன் இணையதளத்தில் நானே முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள்.

மற்ற முன்னாள் ராணுவத்தினருக்கு: இன்று ராத்திரியே உங்கள் பென்ஷன் ஆணையை எடுத்து, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் ஆதாரோடு ஒத்துப் பாருங்கள். தப்பு இருந்தால் நீங்கள் இருக்கும்போதே திருத்துவது சுலபம். ஸ்பார்ஷ் பாஸ்வேர்டு எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று அவருக்குக் காட்டுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். பெரியபட்டினம் அம்மாவுக்கு துணைக்கு ஆள் வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை நானும் என் மனைவியும் ராமநாதபுரம் போகிறோம், பத்து மணிக்கு அந்த அலுவலக வாசலில் இருப்போம்.